சார் ஆஃப் என்றால் ஆஃப்

ஜனவரி 6, திங்கள்

மோட்டார் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. வருடா வருடம் கொடுக்கிறார்கள், வருடா வருடம் பொங்கல் வரைக்கும் எழுதுகிறேன். இந்த வருடமாவது தாண்டுகிறதா பார்ப்போம்.

இன்று எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆசிரியர்களுக்கே பரீட்சை. நடத்தியது மிருதுளா என்ற பெண். கல்வியியலில் ஆராய்ச்சி செய்கிறாளாம். தொழிற்கல்வி ஆசிரியர்கள் எந்த விதமாக யோசிக்கிறார்கள் என்பது அவளுடைய தலைப்பு. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர் ஒருவரையும் விடவில்லை. பின்னிப் பிணைந்த கோடுகளாக ஒரு படம் கொடுத்தாள். அதற்குள் ஒரு சின்ன முக்கோணமோ கட்டமோ ஒளிந்திருக்கும், கண்டுபிடித்து அதன்மேல் கோடு இழுக்க வேண்டும். சிலர் மொத்தத்திலிருந்து ஒரு பகுதியைச் சட்டென்று பிரித்துப் பார்ப்பார்கள், சிலருக்கு மொத்தம் மட்டும்தான் தெரியும். சிலர் படமாக யோசிப்பார்கள், சிலர் வார்த்தையாக யோசிப்பார்கள். இதில் உயர்வு தாழ்வு இல்லை என்று விளக்கம் வேறு.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. மோட்டார் வைண்டிங் சொல்லித்தருகிறவனுக்கு முக்கோணம் தேடும் பரீட்சை. எரிந்துபோன மோட்டாரைத் திறந்ததும் எந்தச் சுற்று போயிருக்கிறது என்று இந்த நாச்சிமுத்து சார் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார் என்று சுற்றுவட்டாரத்து ஒர்க்‌ஷாப்காரர்களைக் கேட்டால் தெரியும்.

தாளைப் பாதியில் கொடுத்துவிட்டேன். ஜெராக்ஸ் படுமோசம். கோடெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. பக்கத்தில் ஜெசிந்தா மேடம் உதட்டை அசைத்து அசைத்து எல்லாவற்றையும் முடித்துவிட்டார். அவர் எங்கள் பிரிவுக்கே தியரி எடுப்பவர், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். வாயைத் திறக்காமல் அவரால் ஒரு ஸ்க்ரூகூட முடுக்க முடியாது.

ஜனவரி 7, செவ்வாய்

கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் விடுமுறை முடிந்தது. கண்ணாடிக் கடையில் பழைய பவரே போதும் என்கிறார்கள். பரிசோதித்தவருக்கு மதியச் சாப்பாட்டு அவசரம். ஃபிரேம் மட்டும் புதிதாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

திரும்பும்போது நின்றுகொண்டிருந்த ஒரு காரில் ஸ்கூட்டர் உரசிவிட்டது. பாதித் தெருவை அடைத்து நிறுத்தினால் என்ன செய்வது? ஸ்கூட்டரின் இடது பக்கக் கண்ணாடி போயிற்று. வீட்டில் மனைவி சாந்தாமணியிடம், நிறுத்தியிருந்த வண்டியை யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னேன். கரும்பு வாசலிலேயே சாய்ந்து கிடக்கிறது. நறுக்க வேண்டும்.

ஜனவரி 27, திங்கள்

இரண்டாம் ஆண்டுக்காரர்களுக்கு ஸ்டேட்டர் வைண்டிங், அதாவது மோட்டாரின் சுழலாத கூட்டுக்குள் இருக்கும் பள்ளங்களில் கம்பிச் சுருளை இறக்குவது, ஆரம்பித்தேன். என் வகுப்பில் பேச்சு கிடையாது. வாயை மூடு, கண்ணைத் திற. போர்டில் படத்தைப் போடுவேன், பிறகு காயிலை ஒவ்வொரு பள்ளத்திலும் இறக்கிக் காட்டுவேன், அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பார்க்கத் தெரிந்தவனுக்குக் கை தானாக வரும்.

இன்று படம் போடும்போது இரண்டு முறை அழித்தேன். ட்யூப் லைட் கண்ணில் அடித்தது. மீதியை லோகேஸ்வரியை வந்து போடச் சொன்னேன். வகுப்பில் கெட்டிக்காரி, அப்பா டெம்போ ஓட்டுகிறார். அவளைச் சோதிப்பதற்காகத்தான் கூப்பிட்டேன். சரியாகத்தான் போட்டாள் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

என் ஒர்க்‌ஷாப்புக்கும் ஜெசிந்தா மேடத்தின் வகுப்புக்கும் நடுவில் வெறும் பிளைவுட் தடுப்பு. அவர் பாடம் நடத்தினால் எனக்கும் சேர்த்து நடத்துவது மாதிரி. எந்த வேலையையும் செய்வதற்கு முன் வாயால் சொல்ல வைக்கிறார். "முதல் பள்ளத்துல உள்ள போகுது, எட்டாவது பள்ளத்துல வெளிய வருது, ஒரு பள்ளம் தள்ளிப் போ." மொத்த வகுப்பும் சேர்ந்து சொல்கிறது. ஒப்பிக்கிற கூட்டம்.

அதுகூடப் பரவாயில்லை. இன்னொன்று சொல்லித்தருகிறார். யார் என்ன சொன்னாலும், கரண்ட் இருந்தால் எரிகிற டெஸ்ட் லாம்பை வைத்து, விளக்கு எரியவில்லை என்று பார்த்து, அதை வாயால் சொல்லிவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டுமாம். என் ஒர்க்‌ஷாப் வழக்கம் வேறு. நான் மெயின் சுவிட்சின் கைப்பிடியில் கை வைத்து "ஆஃப்" என்பேன். பிள்ளைகள் எல்லோரும் "ஆஃப்" என்று திருப்பிச் சொல்வார்கள். அதற்குப் பிறகு வேலை. இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் ஒரு சுள்ளென்ற ஷாக்கூட அடித்ததில்லை. சார் ஆஃப் என்றால் ஆஃப். அதற்குமேல் விளக்கு வைத்துப் பார்ப்பது எனக்கு எதிரில் என்னைச் சந்தேகப்படுவது.

இதை மேடத்திடம் ஆசிரியர் அறையில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "நான் என்னையே நம்ப மாட்டேன் சார்" என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

ஒரு வேடிக்கை. காலையில் ஸ்டேட்டரின் முன்னால் உட்கார்ந்தேன். எல்லாப் பள்ளமும் ஒரே மாதிரி இருந்தது. அது எப்போதும் அப்படித்தான். ஆனால் எதை முதலில் தொடுவது என்று கை நின்றுவிட்டது. பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். என்னையறியாமல் மேடத்தின் பாட்டை முணுமுணுத்தேன். முதல் பள்ளத்தில் உள்ளே, எட்டாவதில் வெளியே, ஒன்று தள்ளி. விரலால் தடவித் தடவி எண்ணிக்கொண்டு இறக்கினேன். மொத்தமும் சரியாக வந்தது.

சும்மா அவருடைய முறையில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் செய்தேன். "சார், நீங்களும் சொல்லிட்டே செய்றீங்க" என்று லோகேஸ்வரி சிரித்தாள். வேலையைப் பார் என்றேன்.

மத்தியானம் தடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அங்கேதான் காற்று வருகிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

சாந்தாமணியோடு சண்டை. சாப்பிட்டு எழுந்திருக்கும்போது பீன்ஸ் பொரியல் ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு தட்டை அப்படியே அரை வட்டம் திருப்பினாள். பொரியல் இருந்தது.

"ஏனுங்க, நேத்தும் இப்படித்தானுங்க பாதித் தட்டை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சீங்க. சட்டையும் ஒரு கையை மட்டும் மாட்டிக்கிட்டு நிக்கறீங்க. கோயமுத்தூருக்கு ஒரு எட்டுப் போயி டாக்டரப் பாத்துட்டு வந்தரலாமுங்க."

திருப்பியபோது வைத்திருப்பாள் என்று சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே அது சரியாகப் படவில்லை. டைரியிலும் ஒவ்வொரு பக்கத்திலும் வலது பாதியில் மட்டுமே எழுதியிருக்கிறேனாம். என் டைரி, நான் எங்கே வேண்டுமானாலும் எழுதுவேன்.

பிப்ரவரி 20, வியாழன்

மிருதுளா போன் செய்தாள். என் தாள் அவளுடைய எந்த வகையிலும் சேரவில்லையாம். பக்கத்தின் வலது பக்கம் இருந்த படங்களில் கொஞ்சமாவது கோடு இழுத்திருக்கிறேன், இடது பக்கம் இருந்தவற்றைத் தொடவே இல்லையாம். அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மோசம் என்று அன்றைக்கே சொன்னேனே என்றேன். அவள், "சார், இது யோசிக்கிற விதம் சம்பந்தப்பட்டதா எனக்குத் தோணலை. தயவுசெஞ்சு ஒரு நரம்பு டாக்டரைப் பாருங்க" என்றாள். என் மகள் வயதுதான் இருக்கும். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறேன். பெட்ரோல் விற்கிற விலைக்கு அதுதான் சரி.

மார்ச் 3, திங்கள்

எழுதியே தீர வேண்டும்.

மோட்டாரை ஓடவிடும் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பழுது பார்க்கும் பாடம். சுவரில் இரண்டு மெயின் சுவிட்சுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இடது பக்கம் இருப்பது எங்கள் மேசைகளுக்கு. வலது பக்கம் இருப்பது வெல்டிங் ஷெட்டுக்கு. ஷெட்டில் மராமத்து வேலை நடப்பதால் அது ஒரு வாரமாகக் கீழே இறக்கி, ஆஃபில்தான் கிடக்கிறது. நான் போய்க் கைப்பிடியில் கை வைத்தேன். கீழே இறங்கியிருந்தது. "ஆஃப்" என்றேன். எல்லோரும் "ஆஃப்" என்றார்கள்.

லோகேஸ்வரி ஸ்டார்ட்டரின் மூடியைக் கழற்றினாள். பிறகு பையிலிருந்து டெஸ்ட் லாம்பை எடுத்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. "நான் சொன்னது காதுல விழலையா?" என்று கத்தினேன். அவள் கையை நிறுத்தவில்லை. கம்பியை வைத்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"சார், லைன் இருக்குதுங்க" என்றாள்.

நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். என் கை வலது பக்கக் கைப்பிடியில்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருப்பது, தலையை நன்றாகத் திருப்பிய பிறகுதான் தெரிந்தது. அது மேலே ஏறி, ஆனில் நின்றது. நானூற்றுப் பதினைந்து வோல்ட்.

அவள் என் பேச்சைக் கேட்டிருந்தால் இந்நேரம் அவள் அப்பாவுக்கு யார் போன் செய்திருப்பார்கள்? நான் செய்திருக்க வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

விடுப்பு. தலைவலி என்று எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 10, திங்கள்

யாருக்கும் தெரியவில்லை. முதல்வர் வழக்கம்போல வணக்கம் சொன்னார். ஜெசிந்தா மேடமும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகள் வெளியே விடவில்லை என்று புரிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது, அதை மறைப்பானேன்.

இன்று இடது கைப்பிடி, இடது கைப்பிடி என்று சொல்லிக்கொண்டே போய், தடவிக் கண்டுபிடித்து, இறக்கினேன். "ஆஃப்" என்றேன். "ஆஃப்" என்றார்கள், முன்பைவிடச் சத்தமாக. சரி, எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். திரும்பும்போது பார்த்தேன். மேசைக்கு மேசை, உடம்பால் மறைத்துக்கொண்டு, டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று ஒருத்தி எனக்குக் காவல் வேறு நின்றாள்.

எனக்காகத்தான் "ஆஃப்" என்று சொல்கிறார்கள். எனக்கு வலிக்கக் கூடாது என்று. வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வந்துவிட்டது.

சாந்தாமணியிடம் வெள்ளிக்கிழமை கோயமுத்தூர் போகலாம் என்றேன். அவள் ஏற்கெனவே டோக்கன் போட்டு வைத்திருக்கிறாள்.

மார்ச் 14, வெள்ளி

கண்ணில் கோளாறே இல்லையாம். கண் பார்க்கிறது. பார்த்ததைச் சேர்த்து இது இன்னது, இது இங்கே இருக்கிறது என்று சொல்லும் இடம் மூளையின் பின்பக்கத்தில் இருக்கிறதாம், அது கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டு வருகிறதாம். அதிலும் இடது பக்கத்தைக் காட்டித்தரும் பகுதி அதிகமாக. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து டாக்டர் விளக்கினார். எனக்கு அந்தப் படமும் புரியவில்லை.

சரியாகுமா என்று சாந்தாமணி கேட்டாள். மாத்திரை கொடுக்கலாம், வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றார். பேச்சும் ஞாபகமும் இன்னும் பல வருடம் நன்றாக இருக்குமாம். வண்டி ஓட்டக் கூடாது. என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பஸ்ஸில் சாந்தாமணி எனக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

மார்ச் 17, திங்கள்

ஜெசிந்தா மேடத்திடம் சொல்லிவிட்டேன். தியரி வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டுக் கேட்டதையும் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார். "நாற்காலி இழுக்கிற சத்தம் கேக்கும். ஒரு மாசமா உங்களுக்கும் சேத்துத்தான் சத்தமா எடுத்தேன். தப்பா நெனைச்சுக்கிடாதீங்க."

ஒப்பிக்கிற கூட்டம் என்று இவரைப் பற்றி எத்தனை பேரிடம் பேசியிருக்கிறேன். தலை நிமிரவில்லை. அவரே பேச்சை மாற்றினார். தனக்குச் சின்ன வயதிலிருந்தே படம் பார்த்தால் ஒன்றும் விளங்காதாம். எந்த சர்க்யூட்டையும் வாக்கியமாக மாற்றிச் சொல்லிப் பார்த்தால்தான் தலையில் ஏறுமாம். தன்னைப் போல இருக்கிற பிள்ளைகளுக்காகத்தான் சொல்ல வைக்கிறாராம். நான் என்னைப் போல இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் பாடம் எடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் தோன்றியது. மற்றவர்களை மக்கு என்று ஒதுக்கியிருக்கிறேன்.

மார்ச் 19, புதன்

முதல்வர் நல்ல மனுஷர். டாக்டரின் சான்றிதழைப் படித்ததும் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ஒரு வழி சொன்னார். ஜூலையில் தேர்வு. அதுவரை ஒர்க்‌ஷாப் என் பெயரிலேயே இருக்கட்டும். வேலையை ஜெசிந்தா மேடம் பார்த்துக்கொள்வார், நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும். "நீங்க அங்க உக்காந்திருந்தாலே பசங்களுக்கு ஒரு பயம் இருக்குமுங்க" என்றார்.

ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஒர்க்‌ஷாப்பை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது? வீட்டில் உட்கார்ந்து எந்தச் சுவரைப் பார்ப்பது? சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அந்தக் காவல் நின்ற பெண் ஞாபகம் வந்தாள். நான் நாற்காலியில் இருக்கிற வரைக்கும், எனக்கு முன்னால் விளக்கு வைத்துப் பார்க்கப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். ஒருநாள் ஒருத்தன், சாருக்கு வருத்தமாக இருக்குமே என்று அதை விட்டுவிடுவான். அந்த ஒருநாள் போதும்.

என் மேல் அவர்களுக்கு இருக்கிற அன்புதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது என்று முதல்வரிடம் சொன்னேன். நூலகத்தையும் வருகைப் பதிவையும் கொடுத்தால் பார்க்கிறேன் என்றேன். இந்த வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரே ஒரு வகுப்பு கேட்டேன், மேடமும் உடன் இருக்க வேண்டும் என்று. ஒப்புக்கொண்டார்.

மார்ச் 21, வெள்ளி

சாந்தாமணி காலையில் சட்டையை மாட்டிவிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் எல்லோரையும் மெயின் சுவிட்சுக்கு எதிரே நிற்க வைத்தேன். ஜெசிந்தா மேடம் கதவோரம் நின்றார். எனக்கு என்ன வியாதி என்று சுருக்கமாகச் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து மேடம்தான் இங்கேயும் என்றேன். சிலர் அழ ஆரம்பித்தார்கள். அழுகிற நேரம் இல்லை, ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்றேன். என் பழைய குரல் எப்படியோ வந்தது, அமைதியாகிவிட்டார்கள்.

என் முறையை விட்டுவிட்டு மேடத்தின் முறைக்குப் போனேன். நான் சொல்வதை ஒவ்வொருவரும் என் முன்னால் வந்து, என் முகத்தைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றேன். "சார் ஆஃப்னு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். பாத்துட்டுத்தான் கை வெப்பேன்." அவ்வளவுதான்.

முதலில் யாரும் நகரவில்லை. பிறகு ஒருவன் வந்து தரையைப் பார்த்துச் சொன்னான். முகத்தைப் பார்த்துச் சொல்லு என்று திருப்பி அனுப்பினேன். மறுபடியும் வந்து சொன்னான். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். நம்ப மாட்டேன், நம்ப மாட்டேன், நம்ப மாட்டேன். ஒருத்தி "நம்ப மாட்டேனுங்க" என்று மரியாதையோடு சொன்னாள். அந்த மரியாதையே வேண்டாம் என்றேன், திருத்திச் சொன்னாள்.

கடைசியாக லோகேஸ்வரி. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குச் சொல்ல வரலீங்க சார்."

"அன்னைக்கு நான் கத்தக் கத்த நீ கையை நிறுத்தலை. அதைச் செஞ்ச பொண்ணுக்கு இதைச் சொல்ல வராதா?"

"அன்னைக்கு உங்க மேல சந்தேகமில்லீங்க. மேடம் சொல்லிக் குடுத்ததுனால கை தானாப் போயிருச்சுங்க."

"இனிமே சந்தேகப்படு. என்னை மட்டுமில்ல, யார் வந்து நின்னாலும். வர்ற வரைக்கும் நான் இங்கேயே நிக்கறேன்."

நின்றேன். வெல்டிங் ஷெட்டில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் முகம் எனக்குச் சரியாகச் சேரவில்லை, கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கமாக இருந்தது. குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"சார் ஆஃப்னு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். பாத்துட்டுத்தான் கை வெப்பேன்."

ஒரு வார்த்தைகூட விடவில்லை. என் முகத்துக்கு நேரே இப்படி ஒருவர் சொல்லிக் கேட்க நேரும் என்று நான் நினைத்ததே இல்லை. சரி, போய் வேலையைப் பாருங்கள் என்றேன். மேடம் சுவரில் இருந்த மெயின் சுவிட்சின் பக்கம் போனார்.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லோரும் டெஸ்ட் லாம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.